எழுத்துக்குக் கூலி, உண்மைக்கு யார் காவல்?

மழை விட்ட ஒரு மாலை நேரம். அடையாற்றங்கரையை ஒட்டிய ஒரு தெருவில் உங்கள் தம்பியைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கைப்பேசி இருக்கிறது. பாம்புக்கடிக்கு என்ன முதலுதவி என்று தேடுகிறீர்கள். ஒரு கலைக்களஞ்சியப் பக்கம் திறக்கிறது. கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும் என்றும், பிளேடால் கீறி நஞ்சை உறிஞ்சித் துப்ப வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

அந்தப் பக்கம் சொல்வது இரண்டும் தவறு. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கை கால் பழுதாகலாம். கீறினால் இரத்தப்போக்கு மிகும். கடிபட்டவரை அசையாமல் வைத்து, தைரியம் சொல்லி, 108க்கு அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்வதே சரியான வழி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே, ஒரு பக்கத்தில் உள்ள இரண்டு வரிகள் சரியா தவறா என்பது விளையாட்டான கேள்வி அல்ல.

சரி, அந்தத் தவறான வரிகளை யார் எழுதினார்கள்? ஏன் எழுதினார்கள்? அதைவிட முக்கியமாக, ஏன் ஒருவரும் திருத்தவில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் நாம் ஒரு விந்தையான இடத்துக்கு வந்து சேர்வோம். எல்லோரும் கூடி எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்று. எழுதுவோருக்குக் கிரிப்டோ நாணயத்தில் கூலி. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்போமா?

அச்சிலிருந்து விக்கிக்கு

தமிழில் முதல் பெரிய பொதுக் கலைக்களஞ்சியம் நம் சென்னையில்தான் உருவாயிற்று. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 'கலைக்களஞ்சியம்' என்ற பெயரிலேயே அதை வெளியிட்டது. முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாம் தொகுதி 1968இல் வந்தது. துறை வல்லுநர்கள் எழுதினார்கள். ஆசிரியர் குழு சரிபார்த்தது. பிறகே அச்சுக்குப் போயிற்று. கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இத்தொகுதிகளை இன்று நீங்களும் புரட்டிப் பார்க்கலாம்.

இந்த முறையின் பலம் சரிபார்த்தல். பலவீனம், அச்சான பின் திருத்த முடியாமை. அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுமரம் 1989இல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி மரம் இன்னும் வாழ்கிறது. 1989க்கு முன் அச்சான எந்தப் புத்தகத்துக்கும் இந்தச் செய்தி தெரியாது. அடுத்த பதிப்பு வரும் வரை பழைய மரம் அதில் நின்றுகொண்டே இருக்கும்!

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் விக்கி. 1995இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கக் கணிப்பொறியாளர், படிப்பவர் எவரும் அங்கேயே திருத்தக்கூடிய இணையப் பக்கங்களை உருவாக்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. 2001 ஜனவரி 15 அன்று ஆங்கில விக்கிப்பீடியா பிறந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இலங்கையில் பிறந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் தொடக்கக் காலத்தில் அதைத் தாங்கி நின்றவர். தாம் மட்டுமே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2013இல் அதன் பத்தாண்டு நிறைவு விழா சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்தது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள்ளன. எழுதியவர்களுள் பெரும்பாலோர் கூலி வாங்கவில்லை.

இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. வல்லுநரின் நேரத்துக்கு மதிப்பு உண்டு. மாணவரின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு. காசு கொடுத்தால் இன்னும் பலர் எழுத மாட்டார்களா? இன்னும் நன்றாக எழுத மாட்டார்களா?

டோக்கன் கூலி

இந்த எண்ணத்தைச் செயலாக்கிப் பார்த்தவற்றுள் பெயர் பெற்றது 'எவரிபீடியா'. 2015இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியம், 2018இல் 'ஐக்யூ' என்ற கிரிப்டோ நாணயத்தை வெளியிட்டது. விக்கிப்பீடியாவை நிறுவிய இருவருள் ஒருவரான லாரி சாங்கர் 2017 முதல் 2019 வரை இதில் பணியாற்றினார்.

கிரிப்டோ நாணயம் என்பது என்ன? ரூபாயைப் போல அரசு வெளியிடும் பணம் அல்ல அது. யாரிடம் எத்தனை டோக்கன் என்பதை எழுதி வைத்திருக்கும் கணக்குப் புத்தகமே அதன் உயிர். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். புத்தகம் அவரிடம் மட்டும் இருந்தால், அவர் இரவோடு இரவாக ஓர் எண்ணை மாற்றிவிடலாம். அதே புத்தகத்தின் படி தெருவிலுள்ள நூறு வீடுகளிலும் இருந்தால்? ஒருவர் மாற்றினால் மற்ற தொண்ணூற்றொன்பதும் காட்டிக் கொடுத்துவிடும். மேலும், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்தைய பக்கத்தின் 'கைரேகை' ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். முந்தைய பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிப்போகும். அடுத்தடுத்த பக்கங்கள் எல்லாம் பொருந்தாமல் போகும். இப்படிச் சங்கிலியாகக் கோத்த கணக்குப் புத்தகத்துக்குத்தான் பிளாக்செயின் என்று பெயர். 2009இல் பிட்காயின் இம்முறையில் இயங்கத் தொடங்கியது.

ஒன்றை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எழுதியது பிற்பாடு மாற்றப்படவில்லை என்பதற்குத்தான் பிளாக்செயின் சாட்சி. எழுதியது உண்மை என்பதற்கு அது சாட்சி அல்ல. பாம்புக்கடிப் பக்கத்தின் தவறான வரிகளை அதில் பதித்தால், அவை அழியாத தவறுகளாக நிலைத்துவிடும். அவ்வளவுதான்!

அப்படியானால் உண்மையை யார் பார்ப்பது? இத்தகைய திட்டங்களின் பொதுவான அமைப்பு இது. கட்டுரை எழுதுகிறவர் முதலில் சில டோக்கன்களைக் காப்புத் தொகையாகக் கட்ட வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுக்கக் காப்புத் தொகை கட்டுகிறோமே, அது போல. டோக்கன் வைத்திருக்கும் மற்றவர்கள் கட்டுரையைப் படித்து வாக்களிப்பார்கள். ஏற்கப்பட்டால் காப்புத் தொகை திரும்பி வரும். கூடவே வெகுமதியும் வரும். மறுக்கப்பட்டால் காப்புத் தொகையில் இழப்பு. ஏமாற்றினால் நட்டம் என்ற பயம் ஏமாற்றைத் தடுக்கும் என்பது கணக்கு.

ஒரு சிறு கணக்கு

அந்தக் கணக்கு சரிவருமா? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புத் தொகை 5 டோக்கன், வெகுமதி 10 டோக்கன் என்று கொள்வோம். ஒருவர் எங்கிருந்தோ நகலெடுத்து 9 போலிக் கட்டுரைகளைப் போடுகிறார்.

சரிபார்ப்போர் 8 கட்டுரைகளைப் பிடித்துவிட்டால் அவருக்கு இழப்பு 40, வரவு 10. கையைச் சுட்டுக்கொள்வார். 3 கட்டுரைகளை மட்டும் பிடித்தால் இழப்பு 15, வரவு 60. நிகர லாபம் 45! சரியாக 6 கட்டுரைகள் பிடிபட்டால் இழப்பு 30, வரவும் 30. ஆக, மூன்றில் இரண்டு பங்கு போலிகளையாவது பிடித்தால்தான் ஏமாற்றுவது வீண் வேலையாகும்.

காப்புத் தொகையை 20 ஆக உயர்த்தினால் என்ன? அப்போது 9இல் 3ஐப் பிடித்தாலே போதும். இழப்பு 60, வரவு 60. இது நல்ல வழியாகத் தோன்றுகிறது அல்லவா? பொறுங்கள். அடையாற்று முகத்துவாரத்தில் எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்திருக்கும் ஒரு பள்ளி மாணவியை நினைத்துப் பாருங்கள். அவளிடம் அறிவு இருக்கிறது. 20 டோக்கன் இல்லை. ஏமாற்றுக்காரனுக்குப் போட்ட வேலி அவளையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

வாக்கெடுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் ஒருவரே பத்துப் பெயரில் வரலாம். அதைத் தடுக்க டோக்கனுக்கு ஒரு வாக்கு என்று வைக்கிறார்கள். மொத்தம் 1000 டோக்கன்களில் ஒருவரிடம் 501 இருந்தால்? மற்ற அத்தனை பேரும் சேர்ந்தாலும் அவரை மறுக்க முடியாது. நிறுவனத்தின் பங்குகளுக்கு இந்த முறை பொருந்தலாம். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பைத் தாக்கும் என்ற உண்மை, யாரிடம் எத்தனை டோக்கன் என்று பார்த்து மாறுவதில்லையே!

எண்ணியது பெருகும்

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. கூலி கொடுக்க வேண்டுமானால் எதையாவது எண்ண வேண்டும். எதை எண்ணுவது?

1902இல் வியட்நாமின் ஹனோய் நகரில் எலித் தொல்லை மிகுந்தது. பிரெஞ்சு ஆட்சியினர் எலி வாலுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். வால்கள் குவிந்தன. ஆனால் நகரில் வாலில்லாத எலிகள் ஓடத் தொடங்கின! வாலை மட்டும் வெட்டிவிட்டு எலியை விட்டுவிட்டால் அது மேலும் குட்டி போடும், மேலும் வால் கிடைக்கும் அல்லவா? வாலை எண்ணினார்கள், வால் பெருகியது.

கட்டுரைக்கு இவ்வளவு என்றால் இரண்டு வரிக் கட்டுரைகள் பெருகும். சொல்லுக்கு இவ்வளவு என்றால் சுற்றி வளைத்த வாக்கியங்கள் பெருகும். பைட்டு அளவுக்கு இவ்வளவு என்றால் கதை இன்னும் வேடிக்கை. 'அடையாறு' என்ற சொல்லில் நாம் எண்ணுவது நான்கு எழுத்துகள். கணிப்பொறி அதை அ, ட, ஐகாரக் குறி, ய, துணைக்கால், ற, உகரக் குறி என ஏழு குறிகளாகச் சேமிக்கிறது. இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு வேண்டும். ஆக 21 பைட்டு. அதே பெயரை ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் எழுதினால் 5 பைட்டுதான். பைட்டை அளவுகோலாகப் பிடித்தால், தமிழில் எழுதுகிறவர் பேனாவைத் திறக்கும்போதே நான்கு மடங்கு எழுதியவராகிவிடுகிறார்!

இதெல்லாம் கற்பனை என்று எண்ண வேண்டாம். எழுத்துக்கு ஊதியம் என்ற சோதனையைத் தமிழ் விக்கிப்பீடியாவே நேரில் கண்டிருக்கிறது. கிரிப்டோ நாணயம் அங்கே வரவில்லை, சாதாரணப் பணம்தான். 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் சேர்க்கச் செய்தது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. ஆனால் நடை பல இடங்களில் இயந்திரத்தனமாக இருந்தது. தமிழ் மாணவருக்கு உடனே தேவைப்படாத தலைப்புகள் பல வந்தன. உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் மொழிபெயர்த்தவரிடமிருந்து மறுமொழி வருவது அரிதாக இருந்தது. வேலை முடிந்ததும் அவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுகிறார். எழுதிய கட்டுரைக்குச் சொந்தக்காரர் இல்லை.

தமிழ் விக்கிப்பீடியர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை. கதவை அடைக்கவும் இல்லை. பேசினார்கள். தலைப்புகளைச் சமூகமே பரிந்துரைக்க வேண்டும், எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தைக் கூட்ட வேண்டும், குறை கண்ட கட்டுரைகளைத் திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். 2010இல் போலந்து நாட்டில் நடந்த உலக விக்கிப்பீடியர் மாநாட்டில், இந்த அனுபவத்தை இரவிசங்கர் என்ற தமிழ் விக்கிப்பீடியர் ஆய்வுரையாக வழங்கினார்.

2018இல் இந்திய மொழிகளுக்கு இடையே 'வேங்கைத் திட்டம்' என்ற கட்டுரைப் போட்டி நடந்தது. அதில் பரிசு உண்டு, விதியும் உண்டு. கட்டுரையில் குறைந்தது 300 சொற்கள் வேண்டும்; சான்று காட்ட வேண்டும்; வெறும் இயந்திர மொழிபெயர்ப்பு கூடாது; நடுவர் படித்துப் பார்த்த பிறகே கணக்கில் சேரும். அந்த ஆண்டு தமிழ் இரண்டாம் இடம் பெற்றது. 2019-20இல் நடந்த அடுத்த போட்டியில் முதலிடம் பெற்றது. இரண்டு அனுபவங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பணம் இருந்தது. வேறுபாடு, எதை எண்ணினார்கள் என்பதிலும் யார் படித்துப் பார்த்தார்கள் என்பதிலும் இருந்தது.

யாரும் எண்ணாத வேலை

கட்டுரை எழுதுவது மட்டும் கலைக்களஞ்சியம் ஆகாது. அடுக்கி வைப்பதும் அறிவுதான். தெற்குச் சென்னையிலேயே சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

ஒருவர் 'மயிலாப்பூர்' என்றும், இன்னொருவர் 'மைலாப்பூர்' என்றும், மூன்றாமவர் 'மயிலை' என்றும் தனித்தனிக் கட்டுரை எழுதிவிட்டால்? ஓர் ஊருக்கு மூன்று கட்டுரை. மூன்றிலும் முக்கால் பங்கு ஒரே செய்தி. மூன்றையும் ஒன்றாக்கி, மற்ற இரு பெயர்களிலிருந்து அதற்கு 'வழிமாற்று' அமைக்க வேண்டும். 'தி. நகர்' என்று தேடுகிறவரும் 'தியாகராய நகர்' என்ற அதே பக்கத்துக்கு வந்துசேர வேண்டும். 'அடையாறு' நேர் எதிரான சிக்கல். அது ஓர் ஆற்றின் பெயர். அந்த ஆற்றங்கரைப் பகுதியின் பெயரும் அதுவே. 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையையும் மக்கள் அடையாறு மருத்துவமனை என்றே குறிப்பிடுகிறார்கள். இங்கே ஒரு பெயரிலிருந்து பல பக்கங்களுக்கு வழிகாட்ட வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்குப் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று பெயர்.

இப்போது கூலிக் கணக்கைப் பாருங்கள். மூன்று கட்டுரை எழுதியவர்களுக்கு 30 டோக்கன் கிடைத்தது. அவற்றை ஒன்றாக்கியவருக்கு? அவர் எதையும் 'சேர்க்கவில்லை'. இரண்டு பக்கங்களைக் குறைத்திருக்கிறார். பாம்புக்கடிப் பக்கத்திலிருந்து இரண்டு தவறான வரிகளை நீக்கியவர் சில நூறு பைட்டுகளைக் குறைத்திருக்கிறார். ஒருவேளை ஓர் உயிரையும் காப்பாற்றியிருக்கிறார். எண்ணும் இயந்திரத்தின் கண்ணில் அவர் வேலையே செய்யவில்லை. நாம் முதலில் கேட்டோமே, ஏன் ஒருவரும் திருத்தவில்லை என்று? விடை இதுதான். எழுதக் கூலி இருந்தது. திருத்தக் கூலி இல்லை.

சீர்படுத்த முடியுமா?

முடியும். விதிகளை மனிதர்கள்தான் எழுதுகிறார்கள், மாற்றி எழுதலாம். கூலியை அன்றே முழுவதும் கொடுக்காமல் பாதியை ஆறு மாதம் நிறுத்தி வைக்கலாம். அத்தனை நாள் கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நின்ற கட்டுரைக்கே மீதி. தவறு கண்டுபிடித்தவருக்கும், சான்று சேர்த்தவருக்கும், இரட்டைக் கட்டுரைகளை ஒன்றாக்கியவருக்கும் எழுதியவருக்குச் சமமாகக் கொடுக்கலாம். புதியவரின் முதல் சில கட்டுரைகளுக்குக் காப்புத் தொகை வேண்டாம் என்று வைத்து, மூத்தவர் ஒருவர் உடனிருந்து பார்க்கலாம். மருத்துவம் போன்ற பக்கங்களை வாக்குக்கு விடாமல், துறை அறிந்தவர் பார்வைக்கு அனுப்பலாம். பழைய கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் குழுவை இங்கே நாம் வேறு வடிவில் திரும்ப அழைக்கிறோம் என்பதைக் கவனித்தீர்களா?

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை மிஞ்சும். கிரிப்டோ நாணயத்தின் விலை நாள்தோறும் ஏறி இறங்கும். இன்று 10 டோக்கனுக்கு ஒரு புத்தகம் வாங்கலாம். அடுத்த மாதம் ஒரு பென்சில்கூட வராமல் போகலாம். காசுக்காக வந்தவர் விலை விழுந்ததும் போய்விடுவார். எல்லாப் பொருளுக்குமான கலைக்களஞ்சியமாகத் தொடங்கிய எவரிபீடியா, 2022இல் 'ஐக்யூ விக்கி' என்று பெயர் மாறி, கிரிப்டோ நாணயங்களையும் பிளாக்செயினையும் பற்றிய களஞ்சியமாகச் சுருங்கிவிட்டது. எழுதித் தரும் டோக்கன் வாங்குவது வேறு. கைக்காசைப் போட்டு டோக்கன் வாங்குவது வேறு. பின்னது சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு. அதில் உங்களுக்கு வேலை இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் தெருவைப் பற்றியோ பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தைப் பற்றியோ தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைத் திறங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் சான்று இருக்கிறதா? அந்தச் சான்றைத் திறந்தால் அதே செய்தி அதில் உள்ளதா? இன்னொரு பெயரில் இதே கட்டுரை இருக்கிறதா? 'வரலாறு' என்ற பகுதியில் கடைசியாகத் திருத்தியது எந்த ஆண்டு? பிறகு நேரில் போய்ப் பாருங்கள். பக்கம் சொல்வதும் உங்கள் கண் சொல்வதும் வேறுபட்டால், அதற்கு ஒரு நூலில் அல்லது நாளிதழில் சான்று தேடுங்கள். கிடைத்ததும் திருத்துங்கள்.

அதற்கு யாரும் உங்களுக்கு டோக்கன் தரப்போவதில்லை. ஆனால் ஒரு மழைக்கால மாலையில் யாரோ ஒரு மாணவர் அவசரமாக ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அங்கே சரியான வரி இருக்கும்.